இப்போ ஒரு சின்ன மேடு வரும்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் குடும்பம் வைத்த பெயர் 'அறிவிப்பு'. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி செய்கிற வேலையை அவர் வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தார். தட்டை முன்னால் வைக்குமுன் "தட்டு வருது" என்பார். விளக்கை அணைக்குமுன் "இப்போ இருட்டாகும்" என்பார். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்குவதற்குக்கூட, "இப்போ மேல போகப் போறோம், கழுத்தைப் பிடிச்சுக்கறேன்" என்று முறைப்படி தெரிவித்துவிட்டுத்தான் தூக்கினார். "இந்த மனுஷன் தும்மறதுக்கு முன்னாடியும் சொல்லிட்டுத்தான் தும்முவார்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். கேலி செய்வதில் அக்காவுக்கு அடுத்த இடம் எனக்கு. குடும்பத்தில் யாராவது எழுந்து நின்றால் போதும், "கவனிக்கவும், கவனிக்கவும், இப்போ ஒரு சின்ன மேடு வரும்" என்று அவர் குரலிலேயே பேசிக் காட்டுவேன். அத்தான் கோபித்துக்கொண்டதே இல்லை. கோபித்துக்கொள்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பார்.

இந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்தது. அத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும், தியேட்டரிலிருந்து மறுபடி வார்டுக்கும். சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆன நாள் வரை அதே வேலைதான். தள்ளுகிறவர் தலைமாட்டில் நிற்பார், படுத்திருப்பவரின் கால் முன்னால் போகும். படுத்திருப்பவருக்கு வழி தெரியாது, வளைவு தெரியாது, கூரை மட்டும்தான் தெரியும். தரையில் ஒரு சின்னக் கட்டையில் சக்கரம் ஏறினாலும் தூக்கிவாரிப் போடும். "படுத்துட்டா மனுஷன் கண்ணைக் கட்டி விட்ட மாதிரிதான், மாப்ள. அடுத்தது என்னன்னு நாமதான் சொல்லணும்" என்பார். அதனால் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவார், என்னென்ன சொன்னார் என்பதை வீட்டிலும் வந்து ஒப்பிப்பார். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். தலைமாட்டிலிருந்து பார்த்தால் முகம் தலைகீழாகத் தெரியும், அந்தக் கண்களைப் பார்த்துவிட்டால் கை ஒரு பக்கமாக இழுத்துவிடும் என்று அவருக்குப் பயம். பார்வை எப்போதும் நேர் எதிரே, பாதைமேல்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. "இப்பவே எடுத்துட்டா சுத்தமா எடுத்துடலாம். தள்ளிப்போட்டா நான் எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முதலில் கொடுத்த நாளில் அத்தான் பக்கத்து வீட்டு இரும்புக் கதவுக்கு எண்ணெய் போடப் போய் மாலை வரை திரும்பவில்லை. அடுத்த முறை கொடுத்த நாளில் அவருக்குக் காய்ச்சல், ஆனால் தெர்மாமீட்டருக்கு அது தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஊராரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனவர், தன் முறை வந்ததும் நழுவினார். ஏன் என்று கேட்டால் "பாத்துக்கலாம்" என்பார். அக்கா கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

மூன்றாவது முறை என்னைக் காவலுக்குப் போட்டார்கள். மறுநாள் காலை ஆபரேஷன், முந்தைய நாள் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அக்கா பையும் பிளாஸ்க்குமாக முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். போகுமுன், "அவரோட வந்தா வா. தனியா வந்தா என் முகத்துலயே முழிக்காதே" என்றாள். நான் என் ஜெராக்ஸ் கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டு அத்தானைப் பேருந்தில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரிக்கு முன்பாகவே ஒரு நிறுத்தத்தில் அவர் எழுந்துவிட்டார். "இங்க இறங்கப் போறேன்" என்று அறிவித்துவிட்டு இறங்கியேவிட்டார். நானும் பதறிக் குதித்தேன். எதிரே ஒரு பெரிய கட்டடம், வாசலில் 'ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம்' என்று ஒரு பதாகை.

"மாப்ள, ஓவியம் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"எப்போலேர்ந்து?"

"இப்போலேர்ந்து."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பதாகையைக் கிழித்திருப்பேன். காலண்டரில் கூடத் தேதியை மட்டும் பார்க்கிற மனிதர் இவர். ஆனால் உடம்பு முடியாதவரை நடுத்தெருவில் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? "ஒரு சுத்து. சுத்திட்டு நேரா ஆஸ்பத்திரி" என்றேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

முதல் அறைகளில் பழங்கள், குதிரைகள், ஆறுகள், என்னவென்றே புரியாத நிறங்கள். அத்தான் ஒவ்வொன்றின் முன்னும் அசையாமல் நின்றார். ஒரு முட்டைக்கோஸ் படத்துக்கு அவர் கொடுத்த நேரத்தில் அதை வாங்கி நறுக்கிச் சமைத்தே சாப்பிட்டிருக்கலாம். "ஒவ்வொரு இலையும் எப்படிப் போட்டிருக்கார் பாரேன்" என்றார். நான் இலையைப் பார்க்கவில்லை, வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி அறை வித்தியாசமாக இருந்தது. நீளமாக, மங்கலாக, ஒரு வராந்தா அளவுக்குத்தான் அகலம். சுவரில் ஒரு படமும் இல்லை. எல்லாம் கூரையில் இருந்தன. கீழே சக்கரம் வைத்த குறுகலான கட்டில்கள் நின்றன. அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளிறிவிட்டது.

"இங்கேயுமா?" என்றார்.

மூலையில் சீருடை போட்ட காவலாளி அம்மா ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "படுத்துட்டுத்தான் பாக்கணும். கூட வந்தவங்க தள்ளிட்டே போங்க. அப்படித்தான் வெச்சிருக்காங்க" என்றார்.

"நான் படுக்க மாட்டேன்" என்றார் அத்தான், யாரோ கட்டாயப்படுத்தியது போல.

"நீங்க படுக்க வேண்டாம். நான் படுக்கறேன், நீங்க தள்ளுங்க. சீக்கிரமா முடிச்சுட்டுக் கிளம்பலாம்" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அறை முழுக்க யாருமில்லை, நல்லவேளை.

கட்டிலின் கைப்பிடியைத் தொட்டதும் அத்தான் வேறு ஆளாகிவிட்டார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "பின் சக்கரம் இழுக்குது" என்று முனகினார். பிரேக்கைக் காலால் தட்டி விடுவித்தார். "கையை உள்ள வெச்சுக்கோ, கதவுல இடிக்கும்" என்றார். அங்கே கதவே இல்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை உள்ளே வைத்துக்கொண்டேன். கட்டில் சத்தமில்லாமல் நகர்ந்தது.

முதல் படம் தலைக்கு மேல் வந்தது. ஒரு குழல் விளக்கு, அவ்வளவுதான். ஆனால் அறையின் அகலத்துக்குப் பெரிதாக. ஒரு முனை கறுத்திருந்தது. மூடிக்குள் செத்துக் கிடந்த பூச்சிகளின் கால்கள் வரை வரைந்திருந்தார்கள். அந்த வெள்ளை வெளிச்சத்தை எந்த நிறத்தால் கொண்டுவந்தார்களோ, எனக்கு உண்மையிலேயே கண் கூசியது. ஓரத்தில் கையெழுத்தில் ஒரு வரி: 'வெளிச்சம் கூசும், கண்ணை மூடிக்கோங்க.' அதே சமயம் தலைமாட்டில் அத்தானின் குரல்: "வெளிச்சம் கூசும் மாப்ள, கண்ணை மூடிக்கோ."

படித்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு அவர் தாடை மட்டும்தான் தெரிந்தது. அவர் மேலே பார்க்கவில்லை. வழக்கம்போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படம் கூரையில் ஊறிய ஒரு கறை. பழுப்பு நிறத்தில், ஓரம் மட்டும் அழுத்தமாக, ஏதோ ஒரு நாட்டின் வரைபடம்போல விரிந்திருந்தது. நடுவழியில் தரையில் மின்கம்பிக்கு மேல் ஒரு ரப்பர் பட்டை போட்டிருந்தார்கள். அத்தான் வேகத்தைக் குறைத்தார்.

"இப்போ ஒரு சின்ன மேடு வரும். குலுங்கும், விழ மாட்டே."

கட்டில் குலுங்கியது. என் கண்ணுக்கு நேர் மேலே அடுத்த படம். அதில் விளக்குகளெல்லாம் இரண்டிரண்டாக, ஆடி அசைந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. பக்கத்தில் எழுதியிருந்தது: 'இப்போ ஒரு சின்ன மேடு வரும். குலுங்கும், விழ மாட்டீங்க.'

வருடக்கணக்காக நான் பேசிக் காட்டிச் சிரித்த வாசகம். பந்தியில், கல்யாண வீட்டில், பேருந்தில், எங்கெல்லாம் அதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அது ஒரு மண்டபத்தின் கூரையில், ஆள் உயர ஓவியத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

"அத்தான், நிறுத்துங்க! மேல பாருங்க!"

"தள்ளும்போது மேல பாக்கக் கூடாது, மாப்ள."

"நிறுத்திட்டுப் பாருங்க!"

பிரேக்கைப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். கழுத்து அவ்வளவு வளையவில்லை. படிக்கிற கண்ணாடியும் அக்காவின் பையில் போய்விட்டது. நான் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். 'இப்போ லிப்ட், கதவு சத்தம் போடும், ஒண்ணும் ஆகாது.' 'திரும்பப் போறோம், தலை சுத்தற மாதிரி இருக்கும்.' நான் படிக்கப் படிக்க அவர் வாய் என்னோடு சேர்ந்து அசைந்தது. பாதி வரியிலேயே மீதியை அவரே முடித்தார்.

"இது நான் சொல்றதுல்ல?" என்றார், சந்தேகமாக.

காவலாளி அம்மா எழுந்து வந்துவிட்டார். வரைந்தவர் ஒரு பெண்மணி என்றார். சின்ன வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்ததாம். கூட வந்த தாயை வார்டோடு நிறுத்திவிட்டார்களாம். ஸ்ட்ரெச்சரில் போகும்போது பயத்தில் செத்துப் பிழைத்தாராம். "தள்ளிட்டுப் போனவர் பேரு தெரியாதாம். கழுத்தைத் திருப்ப முடியாததால முகமும் தெரியாதாம். குரலும் தாடையும்தான் தெரியுமாம். கடைசிப் படத்துல வரைஞ்சிருக்காங்க, போய்ப் பாருங்க."

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

"எங்கடா இருக்கீங்க?"

"பக்கத்துலதான்கா."

"பக்கத்துலன்னா எங்க?"

"ஓவியம் பாத்துட்டு இருக்கோம்."

அதற்கு அவள் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மாப்ள, வீட்டுல சொல்லாத ஒண்ணு இருக்கு. தியேட்டர் கதவுக்கு அந்தப் பக்கம் எனக்கு அனுமதி இல்ல. கதவுகிட்ட போனதும் குனிஞ்சு சொல்லுவேன், 'திரும்பி வரும்போதும் நான்தான் தள்ளுவேன்'னு. எல்லாருக்கும் சொல்லுவேன். நிறைய பேர் வந்தாங்க. சில பேர் வரல. அவங்களை வேற வழியா, வேற இடத்துக்குத் தள்ளினதும் நான்தான்." கட்டிலின் கம்பியைத் தடவினார். "அது சும்மா சொல்ற வார்த்தை. உள்ள என்ன நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? மத்தவங்களுக்கு அது தெரியாது, அதனால நம்பினாங்க. எனக்குத்தான் தெரியுமே. நாளைக்கு அந்தக் கதவுகிட்ட யாரு என்ன சொன்னாலும் எனக்கு உள்ள இறங்காது. கத்திக்குப் பயப்படல மாப்ள. அந்தக் கதவுகிட்ட ஒண்ணுமே இல்லாமப் படுத்துக் கிடக்கணுமேன்னுதான் பயமா இருக்கு."

எண்ணெய் போடப் போனார், காய்ச்சல் என்றார் என்று நான் சிரித்ததெல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவரே எழுந்து, கட்டிலை மறுபடி அறை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். "தள்ளறியா?" என்றார். கட்டிலில் படுத்தபோது இரண்டு பக்கக் கம்பியையும் விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டார்.

தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எடுத்த எடுப்பில் சுவரில் மோதினேன். "கையை உள்ள வெச்சுக்கோங்க அத்தான்" என்றேன். "கை உள்ளதான் இருக்கு, நீதான் வெளிய போறே" என்றார். ரப்பர் பட்டை நெருங்கியது. சொல்லாமல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கேலிக்கு இல்லாமல் முதல் தடவையாகச் சொன்னேன்.

"இப்போ ஒரு சின்ன மேடு வரும், அத்தான்."

"ம்" என்றார்.

பாதையைப் பார்க்க வேண்டியிருந்ததால் அவர் அளவுக்கு என்னால் படங்களைப் பார்க்க முடியவில்லை. ஆனால் நடுநடுவே நான் கீழே பார்த்தேன், அவர் பார்க்காத அந்தத் தலைகீழ் முகத்தை. கண்கள் விரிந்து கூரை முழுக்க அலைந்துகொண்டிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன என்று தெரியவில்லை.

"இந்தக் கறை தியேட்டர் வராந்தால இருந்தது மாப்ள. பெயிண்டர் வந்து அடிப்பார், மறுபடி ஊறும்னு பேசிக்குவாங்க. இதைப் பாத்துட்டேதான் எல்லாரும் போனாங்களா? நான் இத்தனை வருஷம் அடியிலயே போயிட்டு வந்தேன், தலையைத் தூக்கினதே இல்ல." சற்றுப் பொறுத்து, "கூரை இவ்வளவு பெருசா!" என்றார். நானும் நிறுத்திவிட்டு மேலே பார்த்தேன். ஒரு பெண் குழந்தை பயந்துகொண்டே பார்த்த கறை, அத்தனை வருஷம் கழித்து அந்த இருட்டில் ஒரு வானம் அளவுக்கு விரிந்து நின்றது.

கடைசிக்கு முந்தைய படத்தில் இரட்டைக் கதவு, இரண்டிலும் வட்டக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் பச்சை வெளிச்சம். எழுதியிருந்த வரியை நான் படித்துக் காட்டவில்லை. அவருக்கே தெரிந்தது. 'திரும்பி வரும்போதும் நான்தான் தள்ளுவேன்.'

அதற்கு அப்புறம் கடைசிப் படம். கீழிருந்து பார்த்த ஒரு தாடை. சவரத்துக்குத் தப்பிய முள்முடி, சவரக் கத்தி கீறிய இடத்தில் ஒட்டிய காகிதத் துணுக்கு, இரண்டு மூக்குத் துவாரங்கள். பின்னால் விளக்கின் வெளிச்சம் வட்டமாக. அவ்வளவு பெரிய படத்துக்கு ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தது: 'சொன்னேன்ல?'

"எனக்கு மூக்குல இவ்வளவு முடியா?" என்றார் அத்தான். சொல்லி முடிக்குமுன் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது.

"அந்தப் பொண்ணு எனக்கு ஞாபகமே இல்ல மாப்ள. எவ்வளவு யோசிச்சாலும் வரல."

"அவங்களுக்கு உங்களை ஞாபகம் இருக்கே."

"நான் சும்மா சொன்னேன். அவ அதைப் பிடிச்சுட்டே உள்ள போயிருக்கா, பிடிச்சுட்டே வெளிய வந்திருக்கா." புறங்கையால் காதைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அது சும்மா இல்லையோ?"

என்னைக் கேட்டாரா, கூரையைக் கேட்டாரா, தெரியாது.

காவலாளி அம்மா அத்தானின் தாடையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "வரைஞ்சவங்க சாயங்காலம் வருவாங்க ஐயா. இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. நான் பயந்துகொண்டே அத்தானைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. வீட்டம்மா அங்க காத்துட்டிருப்பாங்க" என்றார். "அவங்க வந்தா, மூக்கு முடியை வெட்டிக்கறேன்னு சொன்னதா மட்டும் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா எனக்காகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். வாங்கிக்கொண்டேன். அவர் படுக்கையில் போய்ச் சேர்ந்த பிறகு, படங்களைப் பற்றி அவளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கதவருகே சொல்லும் வார்த்தையையும் சொன்னேன். பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். வேலையில் கெட்டி, ஆனால் பேச்சே இல்லை. வண்டி நகர்ந்ததும் அக்கா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தாள். நடந்தபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

"கையை உள்ள வெச்சுக்கோங்க, கதவுல இடிக்கும். இப்போ லிப்ட், கதவு சத்தம் போடும், ஒண்ணும் ஆகாது. வெளிச்சம் கூசும், கண்ணை மூடிக்கோங்க."

தலையில் அடித்துக்கொண்டே கேட்டதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாக வைத்திருந்தாள். தள்ளுகிற பெண் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தாள். தியேட்டர் வராந்தா வந்தது.

"இப்போ ஒரு சின்ன மேடு வரும். குலுங்கும், விழ மாட்டீங்க."

குலுங்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "போன வருஷமே புதுத் தரை போட்டுட்டாங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

"நம்ம மேட்டை எடுத்துட்டாங்களா!" என்று அத்தான் படுத்தபடியே சிரித்தார்.

இரட்டைக் கதவு. வண்டி நின்றது. அக்கா குனிந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலைமாட்டில் போய் நின்று குனிந்தேன்.

"திரும்பி வரும்போதும் நான்தான் தள்ளுவேன், அத்தான்."

அவர் கீழிருந்து என்னை நன்றாகப் பார்த்தார். "முதல்ல உன் மூக்கு முடியை வெட்டு" என்றார். கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

அந்தக் கதவின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் கையில் இல்லாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். இதைத்தானே இந்த மனிதர் தினமும் சொன்னார், சொல்லிவிட்டு இந்த இடத்தில்தானே நின்றார். எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட மனம் வரவில்லை. நான் நகர்ந்த நேரத்தில் அவர் வந்துவிட்டால்?

டாக்டர் வந்து, கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாகச் சொன்னார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒதுங்கிக் கைப்பிடியில் எனக்கு இடம் கொடுத்தாள்.

'சொன்னேன்ல' என்று சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்து வைத்திருந்தேன். சொல்லாமலே தள்ளினேன். வராந்தாவில் பாதி தூரம் போனதும் அத்தானின் கண் லேசாகத் திறந்தது. கூரையைப் பார்த்தது, என் தாடையைப் பார்த்தது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மாப்ள... இப்போ ஒரு சின்ன மேடு வரும்."

தரை கண்ணாடிபோல இருந்தது. "சரி, அத்தான்" என்று சொல்லிவிட்டு, நான் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கினேன்.